ஆடித் தேங்காயிலிருந்து ஐப்பசிக் கிழங்கு வரை

ஆடி முதல் தேதி காலையில் சேலத்தில் எங்கள் கன்னங்குறிச்சித் தெருவில் நடந்தால் கரகரவென்று ஒரு சத்தம் கேட்கும். ஒவ்வொரு வாசற்படியிலும் ஒரு பிள்ளை குனிந்து உட்கார்ந்து, நார் நீக்கிய தேங்காயைச் சிமென்ட் தரையில் தேய்த்துக்கொண்டிருக்கும். தேங்காய்க்குள் பருப்பும் வெல்லமும் அடைத்துத் தீயில் சுடும் பண்டிகை அன்றைக்கு. சேலம், நாமக்கல், ஈரோட்டுக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வந்து எங்கள் தெருவில் குடியேறிய இரண்டு குடும்பத்தார் போன வருஷம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்தார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வெயில் சித்திரையோடு போய்விடாது. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும், ஆனியில் காற்று கிளம்பியதும் கொஞ்சம் இறங்கும். ஆடியில் காலை பத்து மணி வரைக்கும், மாலை நான்கு மணிக்கு மேலும் வாசலில் நிம்மதியாக உட்காரலாம். ஆவணி பாதியைத் தாண்டினால் சாயங்காலம் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். நடுவில் கிடைப்பது ஆறேழு வாரம். அந்த நாட்களில் அடுப்பை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். மழை வந்ததும் அது தானாக உள்ளே போய்விடும்.

முதலில் தேங்காய். முந்தின நாளே வாங்கிவிடுங்கள். நடுத்தர அளவு போதும், குலுக்கினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். இளசாக இருந்தால் பருப்பு கூழாகிவிடும், ரொம்ப முற்றியது கொப்பரை வாடை அடிக்கும். நாரைக் கத்தியால் சுரண்டி எடுத்த பிறகு, கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் தரையில் தேயுங்கள். கால் மணி நேரமாவது ஆகும். ஓடு கூழாங்கல் மாதிரி வழவழப்பாக வர வேண்டும். நார் ஒட்டியிருந்தால் அது முதலில் தீப்பிடித்து வெளிப்பக்கத்தைக் கருக்கிவிடும், உள்ளே ஒன்றும் வெந்திருக்காது. பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்குப் பண்டிகையே இதுதான்.

மூன்று கண்களில் ஒன்றுதான் நகத்தால் அழுத்தினால் அமுங்கும். அதைக் கத்தி முனையால் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் திறந்து, தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்துக்கொள்ளுங்கள். ஒரு தேங்காய்க்கு நான் போடுவது இவ்வளவு: வறுத்து அரை மணி நேரம் ஊறவைத்த பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி, அவல் 2, பொட்டுக்கடலை 1, பொடித்த வெல்லம் 3, வறுத்த எள் ஒரு சிறு கரண்டி, ஏலக்காய் ஒன்று. அவலுக்குப் பதில் ஊறவைத்த பச்சரிசி போடுகிறவர்களும் உண்டு. எனக்கு அவல்தான் பிடிக்கும், சீக்கிரம் வெந்துவிடும். வாழையிலைத் துண்டைக் கூம்பாகச் சுருட்டிக் கண்ணில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி, வேப்பங்குச்சியால் தள்ளுங்கள். முக்கால் பங்குக்கு மேல் போடாதீர்கள். பிறகு வடித்து வைத்த தண்ணீரையே திரும்ப ஊற்றுங்கள், மேலே ஒரு விரற்கடை காலியாக இருக்கட்டும்.

இந்தக் காலி இடத்தை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மகன் எட்டு வயதில் ஆசை ஆசையாகக் கழுத்து வரைக்கும் அடைத்துவிட்டான். பருப்பும் அவலும் உள்ளே உப்பி, ஆவி போக வழியில்லாமல், பட்டென்று ஓடு பிளந்து பாகு முழுவதும் தீயில் கொட்டிவிட்டது. அன்றைக்கு அவன் அழுத அழுகை இன்னும் எனக்கு மறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் வீட்டுத் தேங்காயில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்த பிறகுதான் அடங்கினான்.

குச்சிக்கு அழிஞ்சி மரம்தான் வழக்கம். ஆடிக்கு இரண்டு நாள் முன்பிருந்தே கடைவீதியில் கட்டுக்கட்டாக வந்துவிடும். கட்டைவிரல் தடிமன், மூன்றடி நீளம், பட்டை உரித்து மஞ்சள் பூசியிருக்கும். பச்சைக் குச்சியாக இருக்க வேண்டும், காய்ந்தது பற்றிக்கொள்ளும். கூராக்கிய முனையைக் கண்ணில் அழுத்திச் செருகி, தேங்காய்க்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வையுங்கள். தெருவில் காய்ந்த தென்னை மட்டை, சுள்ளி போட்டுத் தீ மூட்டுங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், அந்த வாடை தேங்காயில் ஏறிவிடும். தீ கொழுந்துவிட்டு எரியும்போது அவசரப்பட்டுத் தேங்காயை உள்ளே நுழைக்கக் கூடாது. அந்த அக்கா வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வது இதுதான்: "கண்ணு, தீயில வெக்காத, தீக்கு மேல புடி. திருப்பிக்கிட்டே இரு."

இருபது, இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். ஓடு முதலில் பழுப்பாகும், பிறகு கருக்கும், பிறகு மெல்லிய விரிசல் ஓடும். குச்சி செருகிய இடத்தில் வெல்லப்பாகு நுரைத்து வந்து கருகுகிற வாசனை வந்தால் எடுத்துவிடலாம். பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் படைத்துவிட்டு உடைப்போம். பாரதப் போர் ஆடி ஒன்றில் தொடங்கிப் பதினெட்டில் முடிந்தது, அதற்காகத்தான் இந்தப் படையல் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உடைத்ததும் பாருங்கள், பருப்பு ஓட்டைவிட்டுக் கழன்று வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும், உள்ளே எள்ளும் வெல்லமும் அவலும் ஒரே உருண்டையாகச் சேர்ந்திருக்கும். புகை வாசமும் இனிப்பும் கலந்த அந்தச் சுவையை எரிவாயு அடுப்பில் கொண்டுவரவே முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன். சரி, இன்னொன்று. எரியாமல் மிஞ்சிய கொட்டாங்குச்சிகளை எறிந்துவிடாமல் ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். பிறகு வேலை இருக்கிறது.

ஆவணியில் மொட்டை மாடிக்கு வேலை. புளி, மிளகாய் வற்றல், மல்லி, துவரை, கொள்ளு, பங்குனியில் போட்ட ஜவ்வரிசி வடகம், எல்லாவற்றுக்கும் ஒரு தடவை வெயில் காட்ட வேண்டும். புதிதாக வடகம் போட இது காலமில்லை. அதற்கு மூன்று நாள் விடாத வெயில் வேண்டும், ஆவணி வானத்தை அப்படி நம்ப முடியாது. வேட்டியை விரித்து நான்கு மூலையிலும் செங்கல் வையுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், அந்தக் காற்று ஆவணியிலும் முழுசாக அடங்குவதில்லை. ஒன்பது மணிக்கு விரித்தால் மூன்று மணிக்குள் எடுத்துவிடுங்கள். எடுத்த சூட்டோடு டப்பாவில் அடைக்கக் கூடாது. நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு அடைத்தால்தான் உள்ளே வேர்க்காது, பூஞ்சை பிடிக்காது. மழைக்காலத்தில் மிளகாய் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த ஒரு மணி நேரப் பொறுமை இல்லாததால்தான்.

மாலையில் நடக்க மூக்கனேரிக் கரை போதும். சேர்வராயன் மலையில் பெய்கிற மழைதான் ஓடைகளில் இறங்கி இங்கே வந்து சேர்கிறது. ஏரிக்குள் மண்திட்டுகள் எழுப்பி மரம் நட்ட பிறகு பறவைகள் நிறைய வருகின்றன. ஐந்தரை மணிக்குப் போய்க் கரையில் உட்கார்ந்தால் கூடு திரும்புகிற கொக்குக் கூட்டத்தைப் பார்க்கலாம், பின்னால் மலையில் மழை இறங்கியிருந்தால் அதுவும் தெரியும்.

ஒரு நாளாவது மலைக்குப் போய்விட்டு வாருங்கள். நான் பிறந்த வீடு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம், அதனால் ஆவணியில் ஒரு முறை போகாமல் எனக்கு மனசு ஆறாது. சனி, ஞாயிறு வேண்டாம், வண்டி நெரிசலில் பாதி நாள் போய்விடும். வேலை நாளில் காலை முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடியுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றாக ஏற ஏறக் காற்று மாறுவது முகத்தில் தெரியும். சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே வேர்த்துக்கொண்டு ஏறியவர்கள் மேலே இறங்கும்போது துண்டைப் போர்த்திக்கொள்வார்கள். வளைவுகளில் சாப்பாட்டுப் பையை வெளியே எடுக்காதீர்கள், குரங்குகள் அதற்காகவே காத்திருக்கும். புளிச்சோறு கட்டிக்கொண்டு போய், சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சிக்கு முற்பகலிலேயே ஏறிவிடுங்கள். சாமி இருப்பது குகைக்குள், குனிந்துதான் போக வேண்டும். மதியத்துக்கு மேல் மூடுபனி வந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. வழியில் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகள் நிற்கும். இந்த மாதத்தில் காய் பச்சையாகக் கொத்துக் கொத்தாக இருக்கும், கார்த்திகைப் பக்கம்தான் சிவக்கும்.

திரும்பும்போது சாலையோரக் கூடைகளில் மலைப் பேரிக்காய் வாங்குங்கள். அப்படியே கடித்தால் கல் மாதிரி இருக்கும், நறநறக்கும். வெளியூர்க்காரர்கள் இதனாலேயே வாங்காமல் போகிறார்கள், எனக்கு அது வருத்தம்தான். இது சமைப்பதற்கான காய். நான்கு காயைத் தோல் தடிப்பாகச் சீவி, நடுவில் இருக்கும் விதைப்பகுதியை எடுத்துவிட்டுச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். மூழ்கும் அளவுத் தண்ணீரில் மஞ்சளும் உப்பும் போட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டு, 100 கிராம் வெல்லம், அரை சிறு கரண்டி மிளகாய்த்தூள், ஒரு துண்டு இஞ்சியைத் துருவிச் சேருங்கள். பாகு கரண்டியில் ஒட்டும் பதம் வந்ததும் கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்துக் கொட்டி இறக்குங்கள். தயிர்ச் சோற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பச்சடி எனக்குத் தெரியாது.

மலையில் இன்னும் பலாப்பழம் மிச்சமிருந்தால் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சேர்த்து வையுங்கள். கழுவி நிழலில் உலர்த்தி, செம்மண் புரட்டி, மண்பானையில் போட்டு வைப்பார் என் ஆயா. மழைக்காலத்தில் பானைக்குள் கைவிட்டு ஒரு பிடி எடுத்து, கத்தரிக்காயோடு சேர்த்துப் புளிக்குழம்பு வைப்பார்.

புரட்டாசி பிறந்து முதல் பெரிய மழை பெய்த அன்றைக்கு எங்கள் வீட்டில் கொள்ளு ஊறும். புரட்டாசியில் கறி எடுக்காத வீடுகள் இங்கே அதிகம், குளிருக்கும் உடம்புக்கும் சேர்த்துக் கொள்ளு கைகொடுக்கும். அரைப்படிக்கெல்லாம் போக வேண்டாம், நான்கு பேருக்கு 200 கிராம் போதும். கல் பொறுக்கிவிட்டு, வெறும் சட்டியில் வாசனை வரும் வரை வறுத்து, இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் நிறைய விட்டு வேகவையுங்கள். குக்கரில் ஏழெட்டு விசில், மண்சட்டியில் என்றால் ஒன்றரை மணி நேரம். ஒன்றை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். வெந்த தண்ணீரை வடித்துத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ரசத்துக்கு அதுதான் உயிர்.

வடித்த கொள்ளுக்கு: சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்து பல், வற்றல் மிளகாய் நான்கு, மல்லி ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு சிறு கரண்டி. இவற்றை எண்ணெயில் வதக்கி, கொள்ளோடு சேர்த்து அம்மியில் கொரகொரப்பாக அரையுங்கள். மிக்ஸி என்றால் விட்டு விட்டு நான்கு சுற்றுக்கு மேல் வேண்டாம், மைய அரைத்தால் களிம்பு மாதிரி ஆகிவிடும். சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடுங்கள். ரசத்துக்கு அந்தத் தண்ணீரில் கொஞ்சம் புளி, தட்டிய மிளகு, பூண்டு, தக்காளி ஒன்று, ஒரு கரண்டி அரைத்த கொள்ளு. நுரை கட்டியதும் இறக்க வேண்டும், கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். கூடவே மாடியில் வெயில் காட்டிய வடகத்தைப் பொரித்துக்கொள்ளுங்கள். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருப் பெண்களுக்கு அத்தனை பெருமை.

ஐப்பசியில் குச்சிக்கிழங்கு வந்துவிடும், அதுதான் மரவள்ளி. ஒன்றைக் கவனியுங்கள். ஆலைக்கு மாவெடுக்கப் போகிற கிழங்கு வேறு, சமையல் கிழங்கு வேறு. ஆலைக் கிழங்கில் கசப்பும் நச்சும் கூடுதல். அதனால் சமையல் கிழங்குதானா என்று கேட்டு வாங்கி, வெளித்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் உரித்துவிடுங்கள். நறுக்கி, நிறையத் தண்ணீரில், மூடி போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசந்தால் தின்ன வேண்டாம். நன்றாக வெந்ததைக் கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்துப் புரட்டித் தேங்காய் தூவினால் சாயங்காலப் பலகாரம் ஆயிற்று.

ஆடியில் சாக்கில் போட்டு வைத்த கொட்டாங்குச்சியை நான் எடுப்பது இந்தக் கிழங்குக்குத்தான். பின்கட்டுத் தாழ்வாரத்தில் மூன்று கல் கூட்டி, கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் போட்டுப் பற்றவைத்தால் ஈர நாளிலும் சுறுசுறுவென்று எரியும். ஒரு சட்டிக் கிழங்குக்கு ஆறு ஏழு போதும். மழைச்சாரல் படாத பக்கமாகச் சட்டியை ஏற்றுங்கள். ஓட்டில் ஒட்டியிருந்த வெல்லம் தீயில் படும்போது ஆடி வாசனை ஒரு நிமிடம் வந்து போகும். என் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அந்த வாசனை வந்தால் இன்றைக்கும் அறையிலிருந்து எழுந்து வந்து அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.