ஊரைக் கேட்டு வீடு கட்டுவது எப்படி: ஒரு சாட்ஸ்வர்த் அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கட்டட வரைபட வேலையில் எனக்கு 12 வருஷம் ஆகிறது. அதில் நான் செய்த பெரிய முட்டாள்தனம், நகரின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் 24 வீடுகள் கட்டும் திட்டம் ஒன்றுக்கு முதல் ஊர்க்கூட்டம் போட்ட விதம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி, மண்டபத்தில் புரொஜெக்டர், வண்ணப் படங்கள். வந்தது ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் மண்டபத்தைப் பூட்டுவதற்காகக் காத்திருந்தவர்கள். பின்வரிசையில் இருந்த ஓர் ஆயா, வயசான பாட்டி, எழுந்து, "எல்லாம் முடிவு பண்ணிட்டுத்தானே வந்திருக்க, மா?" என்றார்.

அவர் கேட்டது நியாயம். எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த, 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டத்தைக் காட்டி, டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்து இந்தியக் குடும்பங்களைப் பெயர்த்து, 1960-களில் கொண்டுவந்து குடியேற்றிய ஊர் இது. யாரோ வரைந்த பிளானுக்குள் குடும்பம் நடத்தியவர்களிடம் இன்னொரு முடிந்த பிளானை நீட்டினால் வேறென்ன சொல்வார்கள்? பிளான் பென்சிலில் இருக்கும்போதே போய்விடுங்கள்.

இரண்டாம் முறை ஞாயிற்றுக்கிழமை காலையில், மனையிலேயே கூடினோம். முந்தின நாள் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, ஒவ்வொரு வீட்டின் அளவையும் சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டு வைத்தேன். காகிதத்தில் வாயைத் திறக்காதவர்கள் கோட்டுக்குள் நின்றதும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "சமையலறை இவ்வளவுதானா?" "துணி எங்கே காயப்போடுவது?"

அப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? 2022 ஏப்ரல் வெள்ளத்தில், டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த ராத்திரியை யாரும் மறக்கவில்லை. அதே ஆயா ஒரு குச்சியை எடுத்து, மேட்டுத் தெருவிலிருந்து என்னுடைய ஏழாம், எட்டாம் நம்பர் வீடுகளின் நடுவே கோடு இழுத்துக்கொண்டே நடந்தார். கீழே ஒரு பழைய சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக்கறை. எங்கள் நில அளவை வரைபடத்தில் அந்தத் தடம் இல்லை. அந்த இரண்டு வீடுகளையும் மேலே தள்ளி, அங்கே ஆழமில்லாத புல் வாய்க்கால் வைத்தோம்.

வெயிலையும் அங்கேயே நின்று பேசுங்கள். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போவதால், குளிர்காலத்தில் கதகதப்பு வேண்டுமென்றால் பெரிய ஜன்னல் வடக்கே இருக்க வேண்டும். திருநெல்வேலியில் படித்துவிட்டு வந்த எனக்கே முதல் வருஷம் தலைகீழாகத்தான் இருந்தது. வெந்நீர் விஷயம் வேறு. புதுக் கட்டடத்துக்கான விதிப்படி, வெந்நீர்த் தேவையில் பாதியாவது மின்சாரச் சுருள் ஹீட்டர் இல்லாத வழியில் வர வேண்டும். நான் சோலார் கீஸரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி முடித்ததும் ஒரு அண்ணன் கேட்டார்: "ஒழுகினா யார் காசு?" அதற்குப் பதில் இல்லாமல் போகாதீர்கள்.

சரி, யாரைக் கூப்பிடுவது? வீட்டுச் சொந்தக்காரர்கள் தானாக வருவார்கள். பின்கட்டில் வாடகைக்கு இருப்பவர்களும், சரிவில் தகரக் குடிசை போட்டிருக்கும் ஜூலுக் குடும்பங்களும் வர மாட்டார்கள். நாம்தான் நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். ஜூலு பேசுகிற ஒருவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்க நிறுத்தாதீர்கள், பெரியவர்களின் சண்டை அதன் தலையில் விழும். ஆடிக்கூழ் ஊற்றும் நாளில் கோயிலில் ஊரே இருக்கும். பூஜை முடியும்வரை வாயைத் திறக்காமல், கூழைக் குடித்துவிட்டுப் பேசுங்கள்.

சட்டம் கேட்பது குறைவு. சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டமென்றால், மனையில் குறைந்தது 60-க்கு 42 சென்டிமீட்டர் அறிவிப்புப் பலகை, பத்திரிகை விளம்பரம், அக்கம்பக்கத்தாருக்குக் கடிதம், கருத்துச் சொல்ல 30 நாள். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரை அந்தக் கணக்கில் சேராது. வார்டு கவுன்சிலரையும் வார்டு கமிட்டியையும் முதலிலேயே பாருங்கள், ஆனால் கமிட்டியில் பத்துப் பேர் தலையாட்டியதை ஊர் சம்மதம் என்று எழுதிவிடாதீர்கள்.

அப்புறம், ஒரு நோட்டு. யார் என்ன சொன்னார், நாம் என்ன செய்தோம், முடியாதென்றால் ஏன் முடியாது. அடுத்த கூட்டத்தை அதை வாசித்துத்தான் தொடங்க வேண்டும். சுற்றுச்சுவர் வேண்டும் என்று பாதிப் பேர் கேட்டார்கள். சுவர் தண்ணீரைத் தேக்கிக் கீழ்வீட்டுக்காரர் தலையில் கொட்டும் என்பதால் மறுத்தோம், கம்பி வேலி போட்டோம். இரண்டு பேர் இன்னும் என்னிடம் பேசுவதில்லை.

சமோசாவுக்கு வெள்ளிக்கிழமையே சொல்லி வையுங்கள். நாற்பது வாங்கிப் போனேன், அறுபது பேர் வந்துவிட்டார்கள். ஆயாவுக்குக் கிடைக்கவில்லை, அதுவும் நோட்டில் ஏறியது.