வார்ஃபரின் உட்கொள்வோர் வீட்டிலேயே ஐ.என்.ஆர். பார்ப்பது எப்படி?

ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தான வார்ஃபரின் உட்கொள்பவரின் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற எண் காட்டுகிறது. மருந்து எடுக்காதவருக்கு அது சுமார் 1; காலில் ரத்தக்கட்டு வந்தவர்களுக்குப் பெரும்பாலும் 2.0 முதல் 3.0 வரையும், இதயத்தில் செயற்கை உலோக மிட்ரல் வால்வு பொருத்தியவர்களுக்கு 2.5 முதல் 3.5 வரையும் இலக்காக வைப்பார்கள். உங்கள் இலக்கு எது என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்ட பிறகே கருவியைத் தொடுங்கள்.

விரல் நுனி ரத்தத்தில் ஐ.என்.ஆர். பார்க்கும் கோகுசெக் எக்ஸ்எஸ் கருவியை வைத்தே விளக்குகிறேன். அதன் ஸ்டிரிப்புகளை (ரத்தத்துளியை வைக்கும் சோதனைப் பட்டைகளை) 2 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும் என்பதால், நம் ஊர்க் கோடையில் குளிர்சாதனப் பெட்டியே பாதுகாப்பானது. ஈரம் ஸ்டிரிப்பைக் கெடுக்கும். ஒன்றை எடுத்தவுடன் டப்பாவை மூடிவிடுங்கள்.

கைகளை வெதுவெதுப்பான நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்து, சற்றுநேரம் கையைத் தொங்கவிட்டால் விரல் நுனிக்கு ரத்தம் நன்றாக வரும். கருவியை மேசையில் ஆடாமல் வைத்து, முதலில் ஸ்டிரிப்பைச் செருகுங்கள். அது சூடேறி, ரத்தத்துளிச் சின்னம் திரையில் மின்னத் தொடங்கிய பிறகுதான் விரலைக் குத்த வேண்டும்.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். குத்திய கணத்திலிருந்தே ரத்தம் உறையத் தொடங்குவதால், 15 வினாடிக்குள் முதல் துளியையே ஸ்டிரிப்பில் வைத்துவிட வேண்டும். சர்க்கரை பார்க்கும்போது முதல் துளியைத் துடைத்துவிடும் பழக்கமுள்ளவர்கள் இதைக் கவனமாக நினைவில் கொள்ளுங்கள். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறிவிடும். அடிவிரலிலிருந்து மெல்ல நீவினால் போதும். துளி போதவில்லை என்றால் அதன்மேல் இன்னொரு துளியைச் சேர்க்காமல், புதிய ஸ்டிரிப்புடன் வேறு விரலில் மீண்டும் செய்யுங்கள்.

ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எண் தெரியும். தேதி, எண், அன்றைய மாத்திரை அளவு, வழக்கத்தைவிட அதிகமாகக் கீரை சாப்பிட்டிருந்தால் அதையும் குறித்து வையுங்கள். கீரையிலுள்ள வைட்டமின் கே, மருந்தின் வேகத்தைக் குறைக்கும். எண் இலக்கைத் தாண்டினால் மாத்திரையை நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மாற்றிய அளவின் விளைவு தெரியவே இரண்டு மூன்று நாள் ஆகும் என்பதால், அவசரப்பட்டுத் திருத்துவது ஆபத்தில் முடியலாம். மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். எதிர்பாராத எண் வந்தால் ஆய்வகத்திலும் ஒருமுறை சரிபாருங்கள்.

எண் சரியாகவே இருந்தாலும், தலையில் அடிபட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, மூக்கிலிருந்து வரும் ரத்தம் நிற்காமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.