நம்ம ஊர்க் கடைதானான்னு பாத்துட்டு காசு போடுங்க

பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் இருக்கறவங்களுக்கு ஓணம் நெருங்குனா போதும், "பாலக்காட்டு நெசவாளர் கடை, மூடப்போறோம், பாதி விலைக்கு கசவு சேலை"ன்னு ஆன்லைன்ல விளம்பரம் வர ஆரம்பிச்சிரும், கூடவே தறியில ஒரு தாத்தா போட்டோ, எங்க சித்தி பாவம் பாத்து வாங்குனாங்க, வந்தது பாலியஸ்டர்.

மொதல்ல ஜிஎஸ்டி நம்பர் இருக்கான்னு பாருங்க. 15 எழுத்து, மொத ரெண்டும் மாநில கோடு, கேரளா 32, தமிழ்நாடு 33, ஆந்திரா 37. பாலக்காட்டுக் கடைன்னு சொல்லிட்டு வேற எண்ல ஆரம்பிச்சா ஏன்னு கேளுங்க. 32ன்னே இருந்தாலும் அப்படியே நம்பிராதீங்க, வேற யாரோட நம்பரையாவது எடுத்துப் போட்டிருப்பாங்க, ஜிஎஸ்டி போர்ட்டல்ல அதை அடிச்சா பேரும் அட்ரஸும் வரும், கடைப் பேரோட ஒத்துப்போகுதான்னு பாத்துக்கலாம், லாகின்கூட வேணாம்.

அப்புறம் அந்தத் தாத்தா போட்டோவ கூகுள் லென்ஸ்ல போடுங்க, அதே படம் வேற எங்க இருக்குன்னு காட்டும். அதே தாத்தா இன்னும் நாலு ஊர்ல கடைய மூடிட்டு இருப்பாரு!

"50 வருசக் கடை"ன்னு சொல்ற வெப்சைட் எப்ப பதிவாச்சுன்னு ஹூஇஸ்ல (வெப்சைட் பதிவு விவரம் காட்டற தேடல்) தேடுங்க, போன மாசம்னா விட்ருங்க. ரிட்டர்ன் பாலிசியையும் படிங்க, சேலைய வெளிநாட்டுக்கு நம்ம செலவுல திருப்பி அனுப்பணும்னு இருந்தா அது எந்த ஊர்க் கடைன்னு புரிஞ்சிரும்.

சந்தேகம்னா கேஷ் ஆன் டெலிவரி கேளுங்க, ஆனா அதுலயும் பார்சல பிரிக்கறதுக்கு முன்னாடியே காசு வாங்கிருவாங்க, சித்திக்கு அப்படித்தான் ஆச்சு. காசு போயிருச்சுன்னா ஒடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, பொருள் மட்டமா வந்தா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915.