கரண்ட் போனாலும் சம்ப் வழியாத இறால் ரேக்

நாலு செர்ரி இறால் (சின்ன அலங்கார இறால்) டேங்குகளுக்கு ஒரே சம்ப், அதாவது தண்ணீர் வந்து சேர்ந்து பம்ப் மூலம் மேலே திரும்பும் கீழ்த்தொட்டி, வைத்தால், கரண்ட் போகும் நேரம்தான் உண்மையான சோதனை. பம்ப் நின்றதும் ஓவர்ஃப்ளோ (டேங்கிலிருந்து தண்ணீர் வழிந்து சம்புக்கு இறங்கும் வாய்) விளிம்புக்கு மேல் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கும். மேலே தண்ணீர் ஏற்றும் குழாயின் வாய் மூழ்கியிருந்தால், சைஃபன் பிடித்து, அதாவது தண்ணீர் அதே குழாய் வழியே தானாகத் திரும்ப உறிஞ்சப்பட்டு, இன்னும் இறங்கும்.

என் ரேக்கில் முதலில் கணக்குப் போட்டேன். 18×12 அங்குல டேங்கில் இறங்கும் 2 செ.மீ. தண்ணீர் சுமார் 2.8 லிட்டர், நாலுக்கும் 11 லிட்டர். 24×12 அங்குல சம்பில் அது 6 செ.மீ. ஏறும். அதனால் பம்ப் ஓடும்போதே சம்பில் மேல் 10 செ.மீ. காலியாக இருக்கும்படி கோடு போட்டு வைத்தேன். ஏற்றும் குழாய்களில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 3 மி.மீ. துளை, மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து சைஃபன் உடைந்துவிடும். துளையைப் பாசி அடைக்கும், வாரம் ஒருமுறை குத்திவிடுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம். சின்ன நத்தை ஒன்று சிக்கினாலே மூடாது.

குஞ்சுகள் 2 மி.மீ.தான். ஓவர்ஃப்ளோ வாயில் நுண்துளை ஸ்பாஞ்சை நீள உருளையாக மாட்டுங்கள். பரப்பு குறைந்தால் சீக்கிரம் அடைத்து டேங்கே வழியும். அதற்காகவே ஓவர்ஃப்ளோ விளிம்பைவிட 1 செ.மீ. உயரத்தில் ஸ்பாஞ்ச் இல்லாத இரண்டாவது வடிகால் வேண்டும்.

வால்வுகள் பிவிசியாகவே இருக்கட்டும். பித்தளையில் செம்பு உண்டு, இறாலுக்கு அது விஷம். ஆவியாகிக் குறையும் அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புகள் சேர்ந்து டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஏறிக்கொண்டே போகும்.