பிக்கப் கதவில் இருக்கும் எடை எண்ணைப் படிப்பது எப்படி

அமெரிக்காவில் பிக்கப் வாங்கப் போகிறீர்களா? விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் இழுவை எண்ணை விட்டுவிட்டு, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து நிலையில் ஒட்டியிருக்கும் லேபிளை முதலில் பாருங்கள். அதில் ஜிவிடபிள்யூஆர், அதாவது வண்டியின் மொத்த எடை வரம்பு, என்று ஓர் எண் இருக்கும். வண்டி, எரிபொருள், ஆட்கள், சரக்கு எல்லாம் சேர்ந்து அதைத் தாண்டக்கூடாது. இதை நிர்ணயிப்பது அரசாங்கம் அல்ல, தயாரிப்பாளர்தான்.

அப்புறம் ஏன் இத்தனை கனரக பிக்கப்புகளில் சரியாக 10,000 பவுண்டு என்று நிற்கிறது? ஆக்சிலும் (சக்கர அச்சு) ஸ்பிரிங்கும் டயரும் அப்படி வட்டமான எண்ணில் கைவிரிப்பதில்லை! காரணம் சட்டம். தொழிலுக்காக மாநில எல்லை தாண்டி ஓடும் வண்டி 10,001 பவுண்டைத் தொட்டால் கூட்டாட்சி விதிப்படி அது வணிக வாகனம். போக்குவரத்துத் துறை எண், ஓட்டுநருக்கு மருத்துவச் சான்று என்று தலைவலி வரும். அதற்காகவே ஃபோர்டு எஃப்-350 போன்ற வண்டிகளை, இரும்பு பெரும்பாலும் அதேதான் என்றாலும், காகிதத்தில் எண்ணைக் குறைத்தும் விற்கிறார்கள். ஆனால் டிரெய்லர் மாட்டினால் இரண்டின் எண்ணையும் கூட்டித்தான் பார்ப்பார்கள், அப்போது இந்தத் தந்திரம் உதவாது.

இதில் பலர் கவனிக்காதது டீசல் எஞ்சின். அது பெட்ரோல் எஞ்சினைவிடக் கனம், உச்சவரம்போ அதே 10,000, ஆகவே கூடுதல் விலை கொடுத்து வாங்கிய டீசல் வண்டியில் ஏற்றக்கூடிய சரக்கு குறைந்துபோகும். வெறும் வண்டி 7,400 பவுண்டு என்றால் மிச்சம் 2,600தான், அதில் உங்கள் குடும்பமும் அடக்கம்.

ஆக்சிலுக்கு ஆக்சில் தனி எண்ணும் அதே லேபிளில் உண்டு. டயர், சக்கரம், ஸ்பிரிங், ஆக்சில் ஆகியவற்றில் எது பலவீனமோ அதை அது தாண்ட முடியாது, ஆகவே பொறியியல் வரம்பைத் தேடுபவர்கள் அங்கே பார்க்க வேண்டும். கடையில் ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை) வாங்கி மாட்டினால் பின்பக்கம் நிமிரும், லேபிள் எண் ஒரு பவுண்டுகூட ஏறாது.

சரி, டிரெய்லர் இழுக்கப் போகிறீர்கள் என்றால் அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அழுந்தும், அதையும் சரக்குக் கணக்கில் சேருங்கள். பிறகு எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களோடு எடைமேடைக்குப் போய் ஒவ்வோர் ஆக்சிலையும் தனியாக எடைபோட்டுப் பாருங்கள், பின் ஆக்சில்தான் பெரும்பாலும் முதலில் நிரம்பும்.