பிள்ளையோடு தூண்டில் போடப் போகும் அப்பாக்களுக்கு

ஐப்பசி மழையில் எங்கள் கண்மாய் நிறைந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை கரையில் ஏழெட்டு அப்பாக்கள், ஆளுக்கொரு பிள்ளையோடு. சிலர் கையில் விலைச் சீட்டுகூடக் கிழிக்காத புது ராடு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷத்துக்கு முன்னால் என் மகளோடு வந்து நான் பண்ணிய கூத்து அத்தனையும் வரிசையாக நடந்தது.

மண்புழு டப்பாவை வண்டியிலேயே விட்டுவிட்டு வருவது, தொப்பி மறப்பது இதையெல்லாம் எழுதப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாகச் சரியாகிவிடும்.

தூண்டிலைப் பிடுங்குவது

இதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எரிச்சல் வரும்.

மகளுக்கு அப்போது எட்டு வயது. மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். தக்கை இரண்டு முறை துடித்தது. அப்புறம் சாய்ந்து ஓரமாக ஓடி, சட்டென்று உள்ளே போனது. "இழு, இழு" என்று கத்தினேன். அவள் கம்பைத் தூக்குவதற்குள் என் கை முந்திக்கொண்டது. அரைக் கிலோவுக்குக் குறையாத ஜிலேபி மீன். கரையில் அது துள்ளியதைவிட நான் துள்ளியதுதான் அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அம்மா, "அடேயப்பா, யாருடி பிடிச்சது?" என்று கேட்டாள். "அப்பா" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த ஞாயிறு கூப்பிட்டேன், வயிற்று வலி. அதற்கடுத்த வாரம் வீட்டுப்பாடம். அப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அந்த ஜிலேபி அன்றைக்குச் சந்தையில் ஐம்பது ரூபாய்கூடப் பெறாது.

மீன் போய்விடுமே என்ற பதற்றத்தில்தான் பிடுங்குகிறோம். போகட்டுமே. ஜிலேபி முதலில் புழுவைக் கொறித்துப் பார்க்கும், தக்கை லேசாகத் துடிக்கும். அப்போது இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை மூழ்கினாலோ, ஒரே பக்கமாக ஓடினாலோதான் மணிக்கட்டால் ஒரு சுண்டு. இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. ஏழெட்டு மீனைக் கோட்டை விட்டால்தான் கைக்குப் பிடிபடும். மீன் மாட்டியதும் கம்பு வழியாக உள்ளங்கைக்கு ஒரு உதறல் வரும் பாருங்கள், அதற்காகத்தான் கண்மாய்க்கே வருகிறோம். அதை நாம் எடுத்துக்கொண்டு, மீனை மட்டும் பிள்ளையிடம் நீட்டுகிறோம்.

போன ஞாயிறு ஒருவர் பையனிடமிருந்து மூன்று முறை பிடுங்கினார். மூன்றாவது முறைக்குப் பிறகு பையன் கல் பொறுக்கித் தண்ணீரில் எறிய ஆரம்பித்தான். "மீன் கலைஞ்சிடும்டா" என்று அதற்கும் ஒரு திட்டு. எழுந்து போய்ச் சொல்லலாமா என்று இருந்தது. சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்: உங்கள் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பிள்ளைக்கு ஓரடி பின்னால் உட்காருங்கள். கை சும்மா இருக்காது என்றால் நிலக்கடலை உரியுங்கள். இரண்டு வருஷம் கழித்து மகள் தானாகக் கேட்டு வந்தபோது நான் அரைப்படி கடலை உரித்தேன்.

கெளுத்தியைத் தொடவிடுவது

கெளுத்திக்கு முதுகில் ஒரு முள், செவுளை ஒட்டிப் பக்கத்துக்கு ஒன்று. குத்தினால் விஷம் ஏறிக் கடுக்கும், பெரியவர்களே கண்ணீர் விடுவார்கள். தூண்டிலிலிருந்து நீங்களே கழற்றுங்கள், இதில் மட்டும் பிடுங்கலாம். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் கடுப்பு குறையும். சூட்டை முதலில் உங்கள் கையில் பாருங்கள். முள் ஒடிந்து உள்ளே இருந்தாலோ, வீக்கம் ஏறினாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

குஞ்சோடு நிற்கும் விரால்

தண்ணீருக்கு மேல் செக்கச்செவேல் என்று ஒரு திட்டு கொதிப்பதுபோல் நகர்ந்தால், அது விரால் குஞ்சுக் கூட்டம். மூச்செடுக்க மேலே வரும். அடியில் தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அந்த நேரத்தில் கிட்டே எது போனாலும் பாய்ந்து கவ்வும், அதனால் தவளையைக் கோத்து இறக்கினால் விரால் நிச்சயம். நானும் ஒருமுறை அப்படிப் பிடித்தேன். "அந்தக் குஞ்செல்லாம் இப்ப யாருப்பா பாத்துக்குவா?" என்று மகள் கேட்டாள். மற்ற மீன்கள் அதற்குள் சுற்றி வர ஆரம்பித்திருந்தன. அதோடு விட்டேன்.

கேட்காமல் தூண்டில் போடுவது

மீன்பாசி, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்தவரிடம் முதலில் ஒரு வார்த்தை. பிள்ளை முன்னால் திட்டு வாங்குவது நன்றாக இருக்காது.

மடைப் பக்கம் உட்காருவது

ஆழம். பாசி வழுக்கும். வேண்டாம்.

முயலுக்கும் கவுதாரிக்கும் கண்ணி

தாத்தா வைத்தார் என்று கதை சொல்லுங்கள், போதும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

முதல் மீனைக் குழம்பில் போடுவது

பிள்ளை பிடிக்கும் முதல் மீன் பெரும்பாலும் நாலு விரல் கெண்டையாகத்தான் இருக்கும். குழம்பில் போட்டால் தேடினாலும் அகப்படாது. மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் தடவித் தனியாகப் பொரித்து, பிள்ளை தட்டில் வையுங்கள். என் மகள் பொரித்த கெண்டையை நாலாகப் பிய்த்து, வால் துண்டை எனக்குக் கொடுத்தாள்.