சொந்தமாகக் கட்டிய வண்டியில் விடாத மிஸ்ஸிங்: எங்கே தொடங்கி எப்படித் தேடுவது

கம்பெனி கட்டிக் கொடுத்த வண்டி மிஸ்ஸிங் அடித்தால், அதாவது ஏதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டு இன்ஜின் திணறினால், கணக்கு எளிது. நேற்று வரை ஒழுங்காக ஓடியது, இன்று ஓடவில்லை, ஆகவே இடையில் ஏதோ ஒன்று தேய்ந்தோ எரிந்தோ போயிருக்கிறது. ஒரு வண்டியின் இன்ஜின், இன்னொன்றின் கியர்பாக்ஸ், கையால் இழுத்த ஒயரிங், வெல்டு வைத்த டாங்க் என்று சேர்த்துக் கட்டியதில் இந்தக் கணக்கு செல்லாது. அந்தக் கூட்டணி முழுதும் சேர்ந்து ஒழுங்காக ஓடியதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது. பிளக், அதற்கு உயர் வோல்டேஜ் தரும் காயில், இரண்டையும் இணைக்கும் லீடு எல்லாம் புதிதாகப் போட்ட பிறகும் மிஸ்ஸிங் அப்படியே நிற்பது இதனால்தான். கோளாறு பெரும்பாலும் பாகத்தில் இருக்காது, இரண்டு பாகங்களுக்கு நடுவே நீங்கள் போட்ட இணைப்பில் இருக்கும்.

அதனால் புதுப் பாகம் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஒரு மல்டிமீட்டர், லீடில் ஸ்பார்க் போகும்போதெல்லாம் மின்னும் ஒரு டைமிங் லைட், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், பெட்ரோல் பிரஷர் கேஜ், கம்ப்ரஷன் கேஜ் இந்த ஐந்தும் இருந்தால் போதும். பக்கத்தில் தீயணைப்பான் கட்டாயம் இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள்.

ஒரு சிலிண்டரா, எல்லாமா?

தேடலை இந்தக் கேள்வியே பாதியாகக் குறைக்கும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, ஐடிலில் ஒரு நிமிடம் விட்டு, எக்சாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு குழாயையும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பாருங்கள். எரியாத சிலிண்டரின் குழாய் தெளிவாகக் குளிர்ந்திருக்கும். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் குழாய் இந்த மீட்டரை ஏமாற்றும். ஒவ்வொரு குழாயிலும் ஒரே தூரத்தில் வெப்பம் தாங்கும் கறுப்பு பெயின்டால் சின்னப் பொட்டு வைத்து, அந்தப் பொட்டில் அளவெடுங்கள்.

அடுத்து, ஐடிலில் இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது இன்ஜின் சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். பழைய பழக்கத்தில் பிளக் லீடைப் பிடுங்கிப் பார்க்க வேண்டாம். போக வழியில்லாத உயர் வோல்டேஜ் காயிலின் உள்ளேயே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியேறும், காயிலை இயக்கும் எலக்ட்ரானிக் டிரைவரையும் எரிக்கலாம்.

1-3-4-2 வரிசையில் எரியும் நாலு சிலிண்டர் இன்ஜினில், இரண்டு சிலிண்டருக்கு ஒரு காயில் என்ற அமைப்பு இருந்தால், 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் இன்னொரு ஜோடி. ஜோடியில் இரண்டும் ஒன்றாக எரியாமல் விட்டால் கோளாறு காயில், அதன் டிரைவர் அல்லது அதற்குப் போகும் ஒயர். ஜோடியில் ஒன்று மட்டும் விட்டால் பிளக், லீடு, இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு விட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் எல்லாம் மாறி மாறி விட்டால் எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி), இன்ஜின் சுற்றும் நிலையைச் சொல்லும் கிராங்க் சென்சார், பெட்ரோல் இந்த மூன்றுக்குள் இருக்கிறது.

எப்போது விடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். லோடில் மட்டும் என்றால் ஸ்பார்க் பலவீனம் அல்லது பெட்ரோல் பற்றாக்குறை. ஐடிலில் மட்டும் என்றால் காற்றுக் கசிவு, இறுகிப்போன வால்வு இடைவெளி. சூடேறிய பிறகு என்றால் காயிலும் சென்சாரும். வளைவில் திரும்பும்போது என்றால் டாங்க்.

எர்த்: ஓம்ஸ் பார்க்காதீர்கள், வோல்டேஜ் பாருங்கள்

சொந்தக் கட்டுமானத்தில் முதல் குற்றவாளி எர்த்தான். சேஸிஸ் முழுக்கப் பவுடர் கோட்டிங், பாடி ஃபைபர்கிளாஸ், இன்ஜின் ரப்பர் மவுன்டில் உட்கார்ந்திருக்கிறது. கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழியே இல்லாத அமைப்பு இது. வழி கிடைக்காத கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடத் திரும்பும். செல்ஃப் அடிக்கும்போது அந்தக் கேபிள் சுட்டால் வேறு சோதனையே தேவையில்லை.

மீட்டரை ஓம்ஸில் வைத்துப் பார்த்தால் எல்லா எர்த்தும் நன்றாகவே தெரியும். பத்தொன்பது இழையில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். அந்த ஒற்றை இழை 8 ஆம்பியர் தாங்காது என்பது மீட்டருக்குத் தெரியாது. கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி வோல்டேஜில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தின் தலையில் அழுத்துங்கள். கிளாம்பின் மேல் வைத்தால் கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவே உள்ள கோளாறு தப்பிவிடும். சிவப்பு முனையை இன்ஜின் பிளாக்கின் வெற்று உலோகத்தில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்டுக்குக் கீழே இருந்தால் சரி. பிறகு இன்ஜின் ஓட, ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டுவிட்டு, சிவப்பு முனையை காயில் எர்த்திலும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியூவின் எர்த் பின்னிலும் வையுங்கள். அங்கே 0.1 வோல்டைத் தாண்டினால் அந்த வழியைத் திரும்பப் போடுங்கள். பாசிடிவ் பக்கமும் இதே வேலைதான். பேட்டரி பாசிடிவ் கம்பத்துக்கும் காயிலின் பாசிடிவ் முனைக்கும் இடையே 0.5 வோல்டுக்கு மேல் இழந்தால், காயிலுக்கான சப்ளை பழைய இக்னிஷன் சுவிட்ச் வழியாக நேரடியாகப் போகிறதா என்று பாருங்கள். அதை ஒரு ரிலேக்கு மாற்றிவிடுங்கள்.

குறுக்கு வழியும் உண்டு. ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே பிளாக்குக்குக் கொடுங்கள். மிஸ்ஸிங் கொஞ்சமாவது மாறினால் எர்த்தில் கோளாறு உறுதி.

எர்த் போடும் இடத்தில் கோட்டிங்கைச் சுரண்டி வெற்று உலோகம் தெரியவேண்டும். பல் வாஷர் போட்டு முறுக்கி, அதன் மேல் கிரீஸ் தடவுங்கள். காயில் எர்த் சிலிண்டர் ஹெட்டுக்குப் போகட்டும். சென்சார்களின் எர்த் மட்டும் இசியூவுக்கே திரும்ப வேண்டும். அதைப் பக்கத்தில் கிடைத்த போல்ட்டில் மாட்டினால், ஃபேன் ஓடும் ஒவ்வொரு முறையும் சென்சார் அளவு நகரும்.

ஸ்பார்க்

டைமிங் லைட்டின் கிளாம்பை ஒவ்வொரு லீடிலும் மாட்டி, ஆக்சிலரேட்டரைத் தட்டிப் பாருங்கள். லைட் விட்டுவிட்டு எரிந்தால் அந்த லீடுக்கு ஸ்பார்க்கே ஒழுங்காக வரவில்லை, பிளக்குக்கு முன்னால் தேடுங்கள். லைட் சீராக எரிந்தும் சிலிண்டர் விட்டால் பிளக்கிலோ பெட்ரோலிலோ கம்ப்ரஷனிலோ இருக்கிறது.

பிளக் இடைவெளியைக் குறைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. 1 மில்லிமீட்டரில் இருப்பதை 0.7-க்குக் கொண்டுவாருங்கள். லோடில் மிஸ்ஸிங் நின்றால் ஸ்பார்க்குக்குச் சக்தி போதவில்லை. தனி இசியூ போட்ட வண்டிகளில் இதற்குக் காரணம் பெரும்பாலும் டுவெல் நேரம், அதாவது ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் முன் காயில் சார்ஜ் ஆகும் நேரம். வேறு காயிலுக்கான எண் அப்படியே கிடக்கும். பல காயில்களுக்கு 13.5 வோல்டில் 2.5 முதல் 4 மில்லிசெகண்ட் வரை வேண்டியிருக்கும், வோல்டேஜ் குறையும்போது இன்னும் அதிகம் வேண்டும். உங்கள் காயிலுக்கான சரியான எண்ணைத் தேடி எடுங்கள், கூடுதலாக வைத்தால் காயில் வெந்துவிடும்.

இருட்டில் இன்ஜினை ஓடவிட்டு, லீடுகள் மேல் தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். நீலப் பொறி தெரிந்தால் அங்கே கசிகிறது. கை வைக்காதீர்கள்.

கிராங்க் சென்சார் தரும் பொய்

இசியூவில் லாக் (ஓடும்போது எடுக்கும் பதிவு) எடுக்க முடிந்தால் முதலில் ஆர்பிஎம் கோட்டைப் பாருங்கள். ஃப்ளைவீல் கனமானது, ஒரே நொடியின் பத்தில் ஒரு பங்கில் 3,000-த்திலிருந்து 5,500-க்குப் போய்த் திரும்பி வராது. கோட்டில் அப்படி ஊசி குத்தினாலோ சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தாலோ இசியூ பல் எண்ணிக்கையைத் தவறவிடுகிறது. நிஜமாக ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் கோடு லேசாகத் தொய்யும், அவ்வளவுதான்.

கிராங்கோடு சுற்றும், 36 பல்லில் ஒன்று குறைந்த சக்கரமும், அந்தப் பற்களை எண்ணும் இரண்டு ஒயர் சென்சாரும் இருந்தால், சென்சாரின் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாறியிருந்தாலும் இன்ஜின் கிளம்பும், ஓடவும் செய்யும். ஆனால் பல் இல்லாத இடத்தில் சிக்னல் தவறான பக்கத்தில் பூஜ்யத்தைக் கடக்கும், குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் சிங்க் விடும், அதாவது இசியூ பல் கணக்கைத் தவறவிடும். மாதக்கணக்கில் அலைக்கழிக்கிற கோளாறு இது. சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி 0.5 முதல் 1 மில்லிமீட்டர் அளவில், சக்கரம் சுற்றும்போது ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். ஷீல்டு ஒயரின் உறையை இசியூ பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், இரண்டு பக்கமும் அல்ல. பிளக் லீடுகளோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்தெடுங்கள்.

ரேடியோ இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் இல்லாத பிளக்கும் இதேபோல் சிக்னலைக் குழப்பும். என்ஜிகே பிளக்கில் பிபிஆர்6ஈஎஸ் என்பதன் நடுவே இருக்கும் ‘ஆர்’ ரெசிஸ்டரைக் குறிக்கிறது. பிபி6ஈஎஸ்-இல் அது கிடையாது. அதோடு செம்பு லீடும் சேர்ந்தால் இசியூவுக்குப் பக்கத்தில் ரேடியோ நிலையம் வைத்ததுபோல்.

லாம்டா மீட்டரை நம்பி பெட்ரோலைக் கூட்டாதீர்கள்

எரியாமல் போன சிலிண்டரிலிருந்து வெளியே வருவது எரியாத பெட்ரோலும் செலவாகாத ஆக்சிஜனும். எக்சாஸ்டில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் அதைப் பார்த்து ‘லீன்’ (பெட்ரோல் குறைவு) என்று காட்டும். பெட்ரோலைக் கூட்டுவீர்கள். பிளக் நனையும், மிஸ்ஸிங் அதிகமாகும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். மேனிஃபோல்டு வெல்டில் சின்னக் கசிவு இருந்து வெளிக்காற்று உள்ளே போனாலும் இதே கதைதான். மிஸ்ஸிங் நிற்கும் வரை டியூனிங்கில் கைவைக்காதீர்கள்.

பெட்ரோல் குறைகிறதா என்பதைப் பம்பிடமே கேளுங்கள். முழு ஆக்சிலரேட்டரில் 100 குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் பெட்ரோல் வேண்டும். கொஞ்சம் மிச்சம் வைத்து 40 லிட்டர் என்று கொள்ளுங்கள். இன்ஜின் ஓடாமல் பம்ப் ரிலேயை மட்டும் ஜம்பர் செய்து, ரிட்டர்ன் குழாயை அளவுப் பாத்திரத்தில் விடுங்கள். 30 விநாடியில் 330 மில்லிலிட்டராவது வர வேண்டும். வராவிட்டால் பம்ப் முனையிலேயே வோல்டேஜ் பாருங்கள். வண்டியின் பின்கோடி வரை மெல்லிய ஒயர் இழுத்திருந்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். வோல்டேஜும் சரி என்றால் ஃபில்டர், நசுங்கிய ஹோஸ், டாங்கின் உள்ளே வெல்டு செதில் அடைத்த வலை.

சிறிது தூரம் ஓடிய பிறகு திணறி, டாங்க் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று இழுத்துச் சரியாகிறதென்றால் டாங்குக்குள் காற்று போகும் வென்ட் அடைத்திருக்கிறது. கார்பரேட்டர் வண்டியில் இன்ஜெக்‌ஷன் பம்பை மாட்டாதீர்கள். பல கார்பரேட்டர்களுக்கு 0.2 முதல் 0.3 பார் போதும். அதற்கு மேல் போனால் ஃப்ளோட் ஊசி மூடாமல் பெட்ரோல் நிரம்பி வழியும்.

கம்ப்ரஷன்

சூடான இன்ஜின், எல்லா பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுதாகத் திறந்து, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டித்து, செல்ஃப் அடித்து அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்குள் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கவனியுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டதும் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

கோளாறைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று தோன்றியதும் அதைத் திரும்ப வரவழைத்துப் பாருங்கள். புதிதாகப் போட்ட எர்த்தைக் கழற்றிவிட்டு அதே சாலையில் ஓட்டும்போது மிஸ்ஸிங் திரும்பி வந்தால், அதுதான். வராவிட்டால், கனெக்டரை அசைத்ததில் வேறேதோ தற்காலிகமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒயர் கட்டைப் பிரித்து ஒவ்வொரு கிரிம்ப்பையும் (ஒயரை அழுத்திப் பிடித்த முனை) இழுத்துப் பார்க்க வேண்டியதுதான்.